சொல்பவருக்கே கதை சொந்தம்: காவிரிப் படுகையில் நலிந்த நிலையிலுள்ள இளையோருடன் கதைவட்டம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரிப் படுகையில் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு தலபுராணம் உண்டு. குளத்துக்கும் எல்லைச்சாமிக்கும் மதகடிக்கும்கூடக் கதை உண்டு. இத்தனை கதைகள் புழங்கும் மண்ணில், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நடவுக்குப் போகும் பதினாறு வயதுப் பெண்ணின் கதையை யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால், அவளைத் தவிர எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளிப் பதிவேடு அவளை ‘இடைநின்றவர்’ என்கிறது. நூற்பாலைக்கு ஆள் பிடிக்க வரும் தரகர் ‘அடக்கமான பிள்ளை’ என்கிறார். தெரு வேறொன்று சொல்கிறது. உதவ வரும் அமைப்பின் அறிக்கை ‘பயனாளி’ என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறது.

கதைசொல்லல் வழியாக இளையோருக்கு வலுவூட்டுதல் என்பதற்கு இந்த வழிகாட்டி கொள்ளும் பொருள் ஒன்றுதான்: எதைச் சொல்வது, எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, எதுவரை சொல்வது என்னும் நான்கையும் அந்த இளையவரே தீர்மானிக்கும் நிலையை உண்டாக்குவது. மேடையில் நன்றாகப் பேசப் பழக்குவது இதில் கடைசியில் வரும் சிறு பகுதி; பலருக்கு அது தேவையே இல்லாமலும் போகலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், ஊர்ப்புற நூலகர்கள், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் எனத் தம் ஊரிலேயே பத்துப் பிள்ளைகளுடன் உட்காரக்கூடிய எவரும் இதைச் செய்யலாம். ஆனால் கீழே சொல்லப்படும் மூன்றாம் படியை முடிக்காமல் யாரும் தொடங்கக் கூடாது.

முதல் படி: யாருடன் உட்காரப் போகிறீர்கள்?

‘நலிந்த இளையோர்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் வேலை தொடங்காது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அந்தச் சொல்லுக்குள் மிக வேறுபட்ட வாழ்க்கைகள் அடங்கியிருக்கின்றன. நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள், மீனவக் குப்பங்களில் பதினைந்து வயதிலேயே படகேறும் பையன்கள், பூம்பூம் மாட்டுக்காரர் எனப்படும் ஆதியன் குடும்பத்துக் குழந்தைகள், அரசு விடுதிகளிலும் காப்பகங்களிலும் வளர்வோர், கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளிலிருந்து உடல் தளர்ந்து திரும்பிய பெண்கள் ஆகியோருக்கு ஒரே பயிற்சி பொருந்தாது. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வரும் ஆட்டு மந்தைகளை மேய்ப்பதற்காக, பெற்றோரிடம் முன்பணம் கொடுத்துச் சிறுவர்களை அழைத்துச் செல்லும் கொடுமையும் இங்கே உண்டு. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்த பின்னும், அப்படிக் கிடையிலிருந்து சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட குழு போதுமானது. அதற்கு மேல் போனால் ஒருவர் சொல்லும்போது மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள். 12 முதல் 17 வயது வரை ஒரு குழுவாகவும், 18 வயதைக் கடந்தவர்களை வேறு குழுவாகவும் வைத்துக்கொள்வது நல்லது. சட்டப் பொறுப்புகளும் இந்த வயது எல்லையில் மாறுகின்றன. எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் கதை கேட்கும்போது மற்றவர் குழுவின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து வெளியே போகும் பிள்ளையின் பின்னால் போக வேண்டியவரும் அவரே.

இன்னொன்றையும் முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இந்த ஊர்களில் யாரை ‘வாங்க’ என்பது, யாரை ‘வாடா’ என்பது என்பதில் பல தலைமுறைக் கணக்கு இருக்கிறது. ஆகவே குழுவில் உள்ள எல்லோரையும், எந்தத் தெருவிலிருந்து வந்தவராயினும், ஒரே மரியாதையில் அழையுங்கள். உங்களை அவர்கள் ‘அக்கா’, ‘அண்ணன்’ என்று அழைக்கட்டும். ‘சார்’, ‘டீச்சர்’ என்று அழைக்கும் வரை சரியான விடை எது என்றே தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாம் படி: காலமும் இடமும்

வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், பத்து அல்லது பன்னிரண்டு வாரங்கள் என்பது ஏற்ற அளவு. இரண்டு நாள் முகாமில் எல்லாவற்றையும் முடிக்கும் வழக்கத்தை நான் அழுத்தமாக எதிர்க்கிறேன். பேராபத்துக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைத்து அனுப்பிவிடும் முறை மன அதிர்ச்சி நோயைத் தடுப்பதில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்பதை ஆய்வுகள் முன்பே காட்டிவிட்டன. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தம்மை உலுக்கிய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது அவர்களிடையே குறைந்தது. இதிலிருந்து நமக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. சொன்ன உடனே பாரம் கூடும், ஆகவே சொல்லிய கையோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த மாணவர்கள் தனிமையில் எழுதினார்கள், அவர்களுக்கு முன்னால் கைதட்டக் கூட்டம் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை.

பன்னிரண்டு வாரங்களை எங்கே பொருத்துவது என்பதை ஆறும் கடலும் முடிவு செய்கின்றன. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும்; புரட்டாசி, ஐப்பசியில் சம்பா நடவு; கார்த்திகையில் மழையும் புயலும்; தை, மாசியில் அறுவடை. அறுவடை முடிந்ததும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் புறப்படும் குடும்பங்கள் பல. எனவே வயல் சார்ந்த ஊர்களில் ஆடியில் தொடங்கிப் புரட்டாசிக்குள் ஒரு சுற்றை முடிப்பது எளிது. கடலோரக் குப்பங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகேறும் பையன்கள் கரையில் கிடைக்கும் நாட்கள் அவையே. ஆனால் அது வீட்டில் பணம் இல்லாத காலமும் ஆகும் என்பதால் ஒரு வேளைச் சுண்டலும் தேநீரும் கட்டாயம் ஏற்பாடு செய்யுங்கள்.

டிசம்பர் 26ஐயும் அதை ஒட்டிய நாட்களையும் நாகை, மயிலாடுதுறைக் கடலோரங்களில் தவிர்த்துவிடுங்கள். 2004இன் ஆழிப்பேரலை அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இன்று பதினைந்து வயதில் இருப்பவர்களுக்கு இவை வீட்டுப் பெரியவர்களின் துயரம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலோ அவர்கள் தம் கண்ணால் கண்டது. எந்தத் துயரம் யாருடையது என்ற வேறுபாட்டை நடத்துபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயக்கமின்றி உள்ளே வர முடியுமா? கோயில் மண்டபமும் ஒரு தெருவுக்கு உரிய சமுதாயக் கூடமும் இந்தத் தேர்வில் பெரும்பாலும் தோற்றுவிடும். அரசுப் பள்ளி வகுப்பறை, ஊர்ப்புற நூலகம், கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையம் ஆகியவை ஏற்றவை. சன்னல் வழியே எட்டிப் பார்க்க ஆள் நிற்கும் இடமாக இருக்கக் கூடாது. இருட்டுவதற்குள் பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும்.

மூன்றாம் படி: தொடங்குமுன் பாதுகாப்பு

பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பிள்ளையிடம் தனியாகச் சம்மதம் கேளுங்கள். இவை இரண்டும் வெவ்வேறு. பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டார்கள் என்பதற்காக, வர விரும்பாத பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது. எந்த வாரத்திலும் விலகலாம், எந்தப் பயிற்சியிலும் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட்டு, யாராவது ‘வேண்டாம்’ என்று சொல்லும் முதல் தருணத்தில் முகம் மாறாமல் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். குழு முழுவதும் அந்த ஒரு கணத்தைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும்.

‘இங்கே சொல்வது வெளியே போகாது’ என்று மொத்தமாக வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. 18 வயது நிறையாத ஒருவர்மீது பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே முதல் நாளில் தெளிவாகச் சொல்ல வேண்டியது இதுதான்: “நீங்கள் சொல்வதை நாங்கள் வெளியே சொல்ல மாட்டோம். ஆனால் உங்களுக்கோ வேறொரு பிள்ளைக்கோ ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால், அதைத் தடுக்கக்கூடியவர்களிடம் சொல்வோம். சொல்வதற்கு முன் உங்களிடம்தான் முதலில் பேசுவோம்.” இதைக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை குறைவாகச் சொன்னால், அது அந்தப் பிள்ளையின் உரிமை.

குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் அரசு மருத்துவமனையின் மாவட்ட மனநலத் திட்டப் பிரிவையும் தொடங்குவதற்கு முன்பே நேரில் சென்று பார்த்து, யாரிடம் அழைத்து வர வேண்டும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நெருக்கடி வந்த பிறகு முகவரி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அமர்வின் நடுவே ஒரு பிள்ளை நடுங்கினாலோ பேச்சற்றுப் போனாலோ, கதையை அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்து, பாதம் தரையில் படும்படி உட்காரச் சொல்லி, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

நான்காம் படி: கேட்கக் கற்றுக்கொள்ளுதல்

முதல் இரண்டு வாரங்களில் யாரும் தம் கதையைச் சொல்ல வேண்டாம். கேட்பதை மட்டும் பழக்குங்கள். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது எதிரில் இருப்பவர் ‘உம்’ கொட்ட வேண்டும் என்பது விதி. ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். இதையே பயிற்சியாக வைக்கலாம். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் நேற்றுச் சாப்பிட்டதைப் பற்றியோ பள்ளிக்கு வரும் வழியைப் பற்றியோ இரண்டு நிமிடம் பேச, மற்றவர் ‘உம்’ மட்டும் கொட்ட வேண்டும். அறிவுரை கூடாது, ‘எனக்கும் இப்படித்தான்’ என்று இடையில் புகக் கூடாது. இரண்டு நிமிடம் குறுக்கீடு இல்லாமல் ஒருவர் தன்னைக் கேட்டார் என்பது இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் புது அனுபவம். மாலை அமர்வு முடிந்த பிறகும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள்.

பெரியவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் கடினம். ‘ஏன் அப்படிச் செய்தாய்?’ என்ற கேள்வி விசாரணையாகக் காதில் விழும், ‘அப்புறம்?’ என்ற ஒற்றைச் சொல் கதையை நகர்த்தும். ‘அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள்?’, ‘அந்த இடம் எப்படி இருந்தது?’ போன்ற கேள்விகள் நல்லவை. கதை முடிந்ததும் நீதி சொல்லும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். மௌனம் நீண்டால் நீளட்டும்.

ஐந்தாம் படி: பிறர் கதையில் தொடங்குதல்

மூன்றாம் வாரத்திலிருந்து கதைகள் வரலாம், ஆனால் அவை தம்முடையவையாக இருக்க வேண்டியதில்லை. விடுகதை, ஊர்ப்பெயர்க் கதை, எல்லைச்சாமிக் கதை, அம்மா நடவில் பாடும் பாட்டு என வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியிடமிருந்து கொண்டுவந்த கதை வட்டத்தில் மதிப்போடு கேட்கப்படும்போது, தன் வீட்டில் மதிப்புள்ள ஒன்று இருக்கிறது என்பதைப் பிள்ளை முதன்முதலாக உணரக்கூடும்.

அடுத்து, எல்லோருக்கும் தெரிந்த கதையை வேறொருவர் வாயால் சொல்லிப் பார்க்கும் பயிற்சி. திருவாரூரில் கோயிலுக்கு வெளியே கல்தேர் நிற்கிறது. மனுநீதிச் சோழன் கதை தெரியாத பிள்ளை அந்தப் பக்கத்தில் இருக்காது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்து நீதி கேட்கிறது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட முனைகிறான். நாம் வழக்கமாகச் சொல்லும் வடிவில் அரசன் பேசுவான், அமைச்சர் பேசுவார், இளவரசன் பேசுவதே இல்லை. ‘இளவரசன் வாயைத் திறந்தால் என்ன சொல்வான்?’, ‘பசுவுக்கு மணி எட்டவில்லை என்றால் என்ன செய்திருக்கும்?’, ‘தேரைச் செய்த தச்சர் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்?’ என்று கேளுங்கள். தந்தையின் சினத்தை வீட்டில் அனுபவிக்கும் பையன், அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், இளவரசனின் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட முடியும். அப்போது ‘இது உன் வீட்டுக் கதையா?’ என்று யாரும் கேட்கக் கூடாது.

ஒரே வாழ்க்கை சொல்பவரைப் பொறுத்து மாறுகிறது என்பதை வயதில் மூத்த குழுவுக்கு விளக்க, திருப்புன்கூரை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. நந்தனாருக்காக நந்தி விலகி வழிவிட்டதாகச் சொல்லப்படும் ஊர் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரிய புராணத்தில் அவர் கதை வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனைகளாகப் பாடியபோது, பெரிய புராணத்தில் இல்லாத பண்ணையார் ஒருவர் கதைக்குள் வந்தார். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாளை நாம் அதன் பிறகே கண்டோம். இரண்டிலும் நந்தனார் தம் வாயால் சொன்னது எதுவும் இல்லை. அவரே சொல்லியிருந்தால் எங்கிருந்து தொடங்கியிருப்பார் என்ற கேள்வியைக் குழுவிடம் விட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருங்கள்.

ஆறாம் படி: வாய்க்கால் படம்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக என்காசெலோ என்கூபே, டேவிட் டென்பரோ இருவரும் ‘வாழ்வின் மரம்’ என்ற முறையை உருவாக்கினார்கள். வேர், தண்டு, கிளை, இலை என வரைந்து, எங்கிருந்து வந்தேன், எனக்கு என்ன தெரியும், யார் என்னுடன் இருக்கிறார்கள் என்பவற்றை முதலில் உறுதிப்படுத்திய பிறகே வாழ்வின் புயல்களைப் பற்றிப் பேச்சு வரும். அந்த வரிசைதான் அதன் சிறப்பு. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்ததைக் கஜாவில் கண்ட பிள்ளைகளிடம் மரம் வரையச் சொல்வதற்குப் பதிலாக, அதே வரிசையை ஆற்றைக் கொண்டு செய்யலாம்.

கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் கொள்ளிடமும் பிரிகின்றன. அங்கிருந்து அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, கோரையாறு என்று கிளைத்து, ஏ, பி எனப்படும் கிளை வாய்க்கால்களாகி, கடைசியில் கடைமடை வயலுக்கு வருகிறது தண்ணீர். இந்தப் பிள்ளைகளுக்கு இது பாடமாகப் படித்த செய்தி அன்று. தண்ணீர் எப்போது வரும், எந்த மதகை யார் திறப்பார் என்பது வீட்டில் அன்றாடம் நடக்கும் பேச்சு. பெரிய தாளில் அல்லது தரையில் கோலமாவால் தம் வாழ்க்கையை ஒரு வாய்க்காலாக வரையச் சொல்லுங்கள். முதல் நாளில் கரை மட்டும்: யார் என்னைத் தாங்கினார்கள், எனக்கு என்ன வேலை தெரியும், எந்த இடத்தில் எனக்குப் பயமில்லை. இரண்டாம் நாளில் தலைப்பும் கிளைகளும்: எங்கிருந்து வந்தோம், எந்த ஊர்கள், எந்தப் பள்ளிகள். மூன்றாம் நாளில்தான் அடைபட்ட மதகுகள். அதையும் விரும்புபவர் மட்டும். கரையில் நிற்க இடம் கிடைக்குமுன் யாரையும் ஆற்றுக்குள் இறக்கக் கூடாது. நான்காம் நாளில் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய வயலை வரையலாம்.

படத்தில் வெற்றிடமாக விடப்பட்ட பகுதியைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். வரைந்தவரே சுட்டிக்காட்டும் இடத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஏழாம் படி: நடந்ததும், நடந்தபோது செய்ததும்

துயரக் கதையில் எப்போதும் இரண்டு இழைகள் இருக்கின்றன. தனக்கு என்ன நடந்தது என்பது ஒன்று. அது நடந்தபோது தான் என்ன செய்தேன், எதை விட்டுக்கொடுக்கவில்லை, யாரைக் காப்பாற்றினேன் என்பது மற்றொன்று. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் வளர்த்த கதைவழிச் சிகிச்சையின் மையக் கருத்து இது. முதல் இழை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால், சொல்பவர் தன்னை வெறும் காயமாகவே பார்க்கத் தொடங்கிவிடுவார்.

எடுத்துக்காட்டாக, நூற்பாலை விடுதியில் இரண்டாண்டுகள் இருந்து, திருமணச் செலவுக்கென்று வேலை முடிவில் மொத்தமாகத் தருவதாக ஆலை பேசிய தொகையும் கிடைக்காமல் திரும்பிய ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். ‘ஏமாந்து வந்தவள்’ என்பது ஊர் அவளுக்கு வைத்திருக்கும் கதை. அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இரவுப் பணியில் தூக்கம் வரும்போது தோழிகள் ஒருவரையொருவர் எப்படி எழுப்பினீர்கள்? வீட்டுக்குப் பேச விடாத நாட்களில் யாரிடம் பேசினாய்? திரும்பி வர வேண்டும் என்று எப்போது முடிவு செய்தாய், அதை யாரிடம் முதலில் சொன்னாய்? இந்தக் கேள்விகளுக்கான விடைகளில், ஆபத்தை அடையாளம் கண்டு, தோழிகளைத் துணை சேர்த்து, தக்க நேரத்தில் வெளியேறிய ஒருத்தி தெரிவாள். நடந்த அநீதி இதனால் சிறிதும் குறைந்துவிடாது. ஊதியம் கேட்டு முறையிடும் உரிமையும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த முறையீட்டைச் செய்யும் துணிவு இந்த இரண்டாம் இழையிலிருந்துதான் வரும்.

எச்சரிக்கை ஒன்று: இதைப் ‘பாசிட்டிவாகப் பார்’ என்ற அறிவுரையாக ஒருபோதும் மாற்றிவிடாதீர்கள். இரண்டாம் இழையைச் சொல்பவரே கண்டெடுக்க வேண்டும். நாம் எடுத்துக் கொடுத்தால் அது இன்னொருவர் சொன்ன கதையாகிவிடும்.

எட்டாம் படி: வடிவமும் மொழியும்

எட்டாம் வாரம் வரும்போது ஒவ்வொருவரிடமும் சொல்ல விரும்பும் ஏதோ ஒன்று இருக்கும். அதை எந்த வடிவில் சொல்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எழுத விரும்பாதவர் சொல்லலாம், வரையலாம், கும்மியாகக் கட்டலாம், நான்கு பேர் சேர்ந்து தெருவோர நாடகமாக நடிக்கலாம். நாடகத்தில், கூத்தில் கதையை நடத்திச் செல்பவனைப் போல, கட்டியங்காரன் ஒருவனை வைத்துக்கொண்டால், நேரடியாகக் கேட்க முடியாத கேள்விகளை அவன் கேட்பான்; நம் கூத்து மரபு அவனுக்கு அந்த உரிமையை எப்போதோ கொடுத்துவிட்டது. ஒப்பாரியும் வலிமையான வடிவம். இறந்தவரைப் பாடும் சாக்கில் புகுந்த வீட்டையும் உடன்பிறந்தாரையும் பெண்கள் கேள்வி கேட்டது அந்த வடிவில்தான். ஆனால் அண்மையில் இழப்பைச் சந்தித்த பிள்ளை குழுவில் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கைப்பேசி இருந்தால் குரல் பதிவும் சில படங்களும் சேர்த்து இரண்டு மூன்று நிமிடக் கதை செய்யலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் நண்பர்களும் 1990களில் உருவாக்கிய எண்ணியக் கதைசொல்லல் முறை இதுவே. முகம் தெரிய வேண்டியதில்லை. கைகள், செருப்பு, வரப்பு, அடுப்பு ஆகியவற்றின் படங்கள் போதும்.

தன்மையில் சொல்லத் தயங்குபவர் ‘அவள்’ என்று படர்க்கையில் சொல்லலாம், ஒரு கொக்கின் கதையாகவும் சொல்லலாம். பெரிய வாழ்க்கையைச் சொல்ல முயல்வதை விட ஒரு மாலையை, ஒரு பேருந்துப் பயணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இடத்தின் வாசனை, ஒலி, அப்போது ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம் ஆகியவை வந்துவிட்டால் கதை தானாக நிற்கும். முடிவைச் சொல்பவரே முடிவு செய்வார், அது தீராத முடிவாக இருந்தாலும்.

மொழியைத் திருத்தாதீர்கள். ‘வந்துச்சு’ என்பதை ‘வந்தது’ என்று மாற்றும் சிவப்பு மையைத்தான் இந்தப் பிள்ளைகள் பள்ளியில் நிறையப் பார்த்துவிட்டார்கள். குப்பத்துப் பேச்சும் காலனித் தெருப் பேச்சும் வகுப்பறையில் கேலி செய்யப்பட்டதனால் வாயை மூடிக்கொண்டவர்கள் பலர். அந்தப் பேச்சிலேயே கதை எழுதப்பட்டு, அப்படியே வாசிக்கப்படும்போதுதான் வாய் திறக்கும். எழுத்துப்பிழையை அவர்களாகக் கேட்டால் மட்டும் திருத்திக் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: யாரிடம் சொல்வது?

பெரும்பாலான முயற்சிகள் கெட்டுப்போகும் இடம் இதுதான். நிறைவு விழா, சிறப்பு விருந்தினர், நன்கொடையாளர், ஒலிபெருக்கி, மேடையில் அழும் குழந்தை என்ற வரிசையை எத்தனை ஊர்களில் பார்க்கிறோம். அந்தக் கண்ணீரால் பணம் வரலாம். மறுநாள் காலை பள்ளிக்குப் போக வேண்டியது அந்தக் குழந்தை மட்டுமே.

கேட்போரை வட்டம் வட்டமாக விரியுங்கள். முதலில் தான் மட்டும், அடுத்து ஒரு தோழி, பிறகு குழு, பிறகு, விரும்பினால், குடும்பம், அதன் பிறகே ஊர், கடைசியாக வெளியுலகம். ஒவ்வொரு வட்டத்துக்கும் புதிதாகச் சம்மதம் கேட்க வேண்டும். குழுவில் சொன்னதற்கான சம்மதம் ஊரில் சொல்வதற்கான சம்மதம் ஆகாது. முதல் வட்டத்தோடு நின்றுவிடுபவரும் பயிற்சியை முழுமையாக முடித்தவரே.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அல்லது பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளங்களை ஊடகத்தில் வெளியிடுவதைத் தடுக்கின்றன. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. நூற்றைம்பது வீடுகள் உள்ள ஊரில் ‘கீழத்தெரு, அப்பா டிராக்டர் ஓட்டுபவர், இரண்டு தங்கைகள்’ என்று சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரு, தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, திருவிழாவின் பெயர் வரை மாற்ற வேண்டும். சாதி கடந்த நட்போ காதலோ, ஊரில் செல்வாக்குள்ளவர் செய்த தவறோ கதையில் இருந்தால், அது வெளியே போனால் யார் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று சொல்பவருடன் உட்கார்ந்து முன்கூட்டியே யோசியுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருமுறை போன காணொளியைத் திரும்ப வாங்க முடியாது என்பதால், பதிவுகளைக் குழுவின் பொதுத் தொடர்பில் பகிரவே வேண்டாம்.

ஊரில் சொல்வது என்று முடிவானால், கேட்போரைத் தயார் செய்வதும் உங்கள் வேலை. ‘இரக்கப்பட வேண்டாம், அறிவுரை சொல்ல வேண்டாம், கேட்டபோது உங்களுக்கு நினைவுக்கு வந்ததை மட்டும் சொல்லுங்கள்’ என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தாய்மார் சிலர் முன்வரிசையில் இருந்தால் நல்லது. அவர்கள் இயல்பாகவே ‘உம்’ கொட்டுவார்கள்.

பத்தாம் படி: கதைக்குப் பிறகு

பன்னிரண்டு வாரங்களின் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் சில செய்திகள் திரும்பத் திரும்ப வரும்: மாலைப் பேருந்து இல்லாததால் பதினொன்றாம் வகுப்பை விட்டவர்கள், விளக்கில்லாத சாலை, தண்ணீர் வராத பள்ளிக் கழிப்பறை. இவற்றை யாருடைய பெயரும் இல்லாமல் கோரிக்கையாக எழுதுங்கள். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர்களான தாய்மாரும் 18 வயதைக் கடந்த குழு உறுப்பினர்களும் அங்கே அதை முன்வைத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லலாம். தன் கதை ஒரு தீர்மானத்தின் வரியாக மாறுவதைக் காணும் இளையவருக்கு, சொல்வதால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை வேறெதனாலும் வராத அளவுக்கு வரும்.

தனியாட்களின் தேவைகளையும் தொடர்ந்து கவனியுங்கள். பள்ளியை விட்டு நின்ற 14 வயதுக்கு உட்பட்டவரைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. கதையைக் கேட்டுவிட்டு இந்தத் தகவலைச் சொல்லாமல் அனுப்புவது அரைகுறை உதவி.

பயன் விளைந்ததா என்பதை அழுகையைக் கொண்டு அளக்காதீர்கள். முதல் வாரம் பேசாதவர் இப்போது தானாகத் தொடங்குகிறாரா, யாராவது ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்கிறாரா, ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்களா, விடுபட்டவர்கள் திரும்பி வருகிறார்களா என்பவற்றைப் பெயர் குறிக்காத ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நடத்தும் இருவரும் ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் அரை மணி நேரம் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். பிறர் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவருக்கும் அது சேர்ந்துகொண்டே போகும்.

கடைசி வாரத்தில் நோட்டுகளையும் படங்களையும் அவரவரிடமே ஒப்படையுங்கள். நகல் உங்களிடம் இருக்க வேண்டுமா என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு, வேண்டாம் என்றவரின் குரல் பதிவை அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். விரும்பும் இருவர் மூவரை அடுத்த குழுவுக்குக் கேட்பவர்களாக அழையுங்கள். முதல் இரண்டு வாரப் பயிற்சியை அவர்களே நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.